பக்கிளில் செருகிய சுதந்திரம்

விரல் நீளமே உள்ள ஓர் உலோகத் துண்டு. மேல்பாதியில் கறுப்பு பிளாஸ்டிக் உறை, அதன்மேல் கார் கம்பெனியின் சின்னம் பளபளக்கும். சீட் பெல்ட்டின் நாக்கு மாட்ட வேண்டிய பக்கிளில் இதைச் செருகினால் ‘டக்’ என்று உட்கார்ந்துகொள்ளும். ஆள் பெல்ட் போட்டுவிட்டார் என்று கார் நம்பும், மணியடிப்பது நின்றுவிடும். பெல்ட்டோ கதவோரம் சுருண்டபடியே தொங்கும். சில மாடல்களில் மறுமுனையில் பாட்டில் மூடி திறக்கும் வளைவுகூட உண்டு. கார் ஓட்டுகிறவருக்கு அது எதற்கு என்று செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இந்தத் துண்டுகளை விற்பனையிலிருந்து எடுக்கும்படி ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு உத்தரவிட்டது. நீக்கப்பட்ட விற்பனைப் பதிவுகள் மொத்தம் 13,118. பாட்டில் ஓப்பனர், சிகரெட் லைட்டர் என்று வேறு பெயரில் ஒளிந்திருந்தவையும் அதில் அடக்கம். 2019 ஜூலை முதல் முன் இருக்கைகளுக்கு எச்சரிக்கை மணி கட்டாயமானது. மணி வந்த கையோடு மணியின் வாயை அடைக்கும் சாமானும் வந்துவிட்டது.

இந்தியாவில் சீட் பெல்ட் சட்டத்தை எதிர்த்து யாரும் ஊர்வலம் போனதில்லை. ‘என் உடல், என் உயிர், அரசுக்கு என்ன வேலை’ என்று எந்தக் கட்சியும் மேடை போடவில்லை. சட்டத்தோடு சண்டை போடுவது நம் வழக்கமில்லை. சுற்றிக்கொண்டு போவதற்கு ஒரு சந்து இருந்தால் போதும். அமெரிக்கர்கள் அப்படியில்லை. இதே மணிக்காக அவர்கள் நாடாளுமன்றத்தையே உலுக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுப் பார்க்கலாம். தோற்றுப்போன வாதம்தான் என்றாலும் அதற்குள் ஒரு நியாயமான பயம் இருக்கிறது.

1974-ஆம் ஆண்டு மாடல் கார்களுக்கு அமெரிக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தது. முன் இருக்கையில் இருப்பவர்கள் பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகவே கூடாது. இருக்கைக்கு அடியில் எடையை உணரும் கருவி இருந்தது. அது நல்ல எண்ணத்தில் வைத்த கருவிதான், ஆனால் ஆளுக்கும் அரிசி மூட்டைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. கடையில் வாங்கிய சாமான் பையை முன் சீட்டில் வைத்தால் கார் மறுத்தது. நாய் ஏறி உட்கார்ந்தால் மறுத்தது. புகார்க் கடிதங்கள் குவிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டையே தடை செய்து சட்டம் போட்டது. எச்சரிக்கை மணி எட்டு வினாடிக்குமேல் ஒலிக்க அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். குடிமகனைக் காருக்குள் நச்சரிக்க அரசுக்கு உள்ள உரிமை எட்டு வினாடி என்று ஒரு நாடு கடிகாரம் வைத்து அளந்தது உலக வரலாற்றில் அதுவே முதல்முறையாக இருக்கும்.

பத்து ஆண்டு கழித்துக் கதை திரும்பியது, திருப்பியது கார் கம்பெனிகளின் பணம். 1984-இல் போக்குவரத்துத் துறையின் அமைச்சராக இருந்த எலிசபெத் டோல் ஒரு பேரம் வைத்தார். கார்களில் ஏர்பேக் போன்ற தானியங்கிப் பாதுகாப்பு வர வேண்டும். ஆனால் நாட்டு மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு வாழும் மாநிலங்கள் 1989 ஏப்ரலுக்குள் பெல்ட்டைக் கட்டாயமாக்கினால் அந்த விதியைக் கைவிடுவோம் என்றார். ஏர்பேக் செலவுக்கு அஞ்சிய கம்பெனிகள் உடனே ஓர் அமைப்பைத் தொடங்கி, பெல்ட் சட்டம் வேண்டும் என்று மாநிலம் மாநிலமாக ஆள் பிடித்தன. நியூயார்க் முதலாவதாகச் சட்டம் போட்டது. அது 1984 டிசம்பர் 1-இல் அமலுக்கு வந்தது. ‘இது நம் நன்மைக்கா, கம்பெனிகளின் லாபத்துக்கா’ என்று அப்போது கேட்டவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. கடைசியில் சட்டமும் வந்தது, 1998 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஏர்பேக்கும் வந்தது.

மாசசூசெட்ஸில் இன்னும் சூடு. 1986 ஜனவரியில் சட்டம் அமலானது. ஜெர்ரி வில்லியம்ஸ் என்ற வானொலிப் பேச்சாளர் தினமும் அதைப் பிரித்து மேய்ந்தார். நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் சட்டமே தூக்கி எறியப்பட்டது. 1994-இல் மறுபடி கொண்டுவந்தபோது அதே மாநில மக்கள் வாக்குச்சீட்டில் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. பெல்ட் போடவில்லை என்பதற்காக மட்டும் ஒரு காவலர் வண்டியை நிறுத்தக் கூடாது. வேறு குற்றத்துக்காக நிறுத்தினால் சேர்த்து அபராதம் போடலாம். அவ்வளவுதான்.

நியூ ஹாம்ப்ஷயர் மட்டும் இன்றுவரை அசையவில்லை. 18 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெல்ட் கட்டாயம் இல்லாத ஒரே அமெரிக்க மாநிலம் அது. சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ என்பது அதன் கொள்கை வாசகம். 1945-இல் ஏற்றுக்கொண்டார்கள், பிறகு கார் நம்பர் பிளேட்டிலும் பொறித்தார்கள். அந்தப் பிளேட்டுகளைத் தயாரிப்பது மாநிலச் சிறையின் கைதிகள் என்பது தனி வேடிக்கை. வாசகம் தன் மதநம்பிக்கைக்கு ஒவ்வாதது என்று தன் காரில் அதை மறைத்து ஓட்டிய ஒருவருக்கு அபராதமும் சிறையும் விதித்தது அந்த மாநிலம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1977-இல் அவர் பக்கம் தீர்ப்பானது. அங்கே மாநில அரசே நடத்தும் மதுக்கடைகள் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலேயே இருக்கின்றன. டாஸ்மாக் பழகிய நமக்கே இது கொஞ்சம் அதிகம்தான். பெல்ட் போடுவோர் விகிதம் நாடு முழுக்கச் சராசரியாகத் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது, அங்கே எழுபதுகளிலேயே நிற்கிறது. அதாவது சட்டம் இல்லாமலே பத்தில் ஏழு பேர் தாமாகப் போடுகிறார்கள். சட்டத்தை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இந்த ஒரே எண்ணைத்தான் தங்கள் சாட்சி என்கிறார்கள்.

சரி, வாதத்துக்கு வருவோம்.

தனக்கு மட்டுமே கேடு விளைவிக்கும் செயலை அரசு தடுக்கலாமா? பெல்ட் போடாதவன் யாரையும் இடிக்கவில்லையே? இதற்கு எடுத்த எடுப்பில் வரும் பதில் செலவுக் கணக்கு. 1972-இல் மாசசூசெட்ஸின் ஹெல்மெட் சட்டத்தை ஒரு மோட்டார் சைக்கிள்காரர் எதிர்த்தபோது கூட்டாட்சி நீதிமன்றம் இதையே சொன்னது. விழுந்த கணத்திலிருந்து அவரைச் சாலையிலிருந்து தூக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, வேலை போனால் குடும்பத்தையும் பார்த்துக்கொள்வது சமூகம்தானே என்பது அதன் சாரம். தமிழ்நாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கும் யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அடிபட்டவர் பெல்ட் போட்டிருந்தாரா என்று அங்கே கேட்பதில்லை, கேட்கவும் கூடாது.

ஆனாலும் இந்தச் செலவுக் கணக்கை மட்டும் நம்பிச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்க முடியாது. நாளைக்குப் பிரியாணிக்கும் இதே கணக்கைப் போடலாம். சர்க்கரை நோயாளி குடிக்கும் டீக்கும் போடலாம். அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை தருகிறோம், ஆகவே உன் வாழ்க்கை எங்கள் கையில் என்று சொல்லும் அரசைப் பார்த்துப் பயப்படுவது சரிதான்.

வலுவான பதில் காருக்குள்ளேயே இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சட்டென்று மோதி நிற்கிறது. கார் நின்றாலும் உள்ளே இருக்கும் உடம்பு நிற்பதில்லை, அதே 60-இல் போய்க்கொண்டே இருக்கும். ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காவது மாடியிலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும்போது என்ன வேகமோ அதே வேகம். பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் இருப்பவர் அந்த வேகத்தில் போய் மோதுவது முன் இருக்கையின் முதுகில். அங்கே பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பவர் இடையில் நசுங்குகிறார். ‘எனக்கு மட்டும்தானே ஆபத்து’ என்ற பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது. பின் சீட்டில் இருக்கும் மாமாவின் சுதந்திரம் முன் சீட்டில் இருக்கும் மருமகனின் விலா எலும்பில் போய் முடியும்.

பெல்ட் தரும் தைரியத்தில் ஓட்டுநர்கள் இன்னும் வேகமாக ஓட்டுவார்கள், அதனால் லாபம் கழிந்துவிடும் என்றொரு வாதமும் உண்டு. சிகாகோ பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் இதைக் கிளப்பினார், பிரிட்டனில் ஜான் ஆடம்ஸ் வெகுகாலம் வாதாடினார். சுவையான வாதம், ஆனால் நடப்பு அதோடு ஒத்துப்போகவில்லை. 1970 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் உலகிலேயே முதலாவதாக இதைக் கட்டாயமாக்கியது. சாவு குறைந்ததைப் பார்த்து ஓரிரு ஆண்டில் நாடு முழுவதும் பின்தொடர்ந்தது. பெல்ட் போட்டால் சாகும் ஆபத்து பாதிவரை குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்று நாம் போடும் மூன்று முனைப் பெல்ட்டை 1959-இல் வோல்வோவுக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்குமுன் போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். ஆளை எறிவதில் தேர்ந்தவருக்குப் பிடித்து நிறுத்தவும் தெரிந்திருந்தது. காப்புரிமையை மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ திறந்துவிட்டது.

இதற்கெல்லாம்மேல் இன்னொரு கேள்வி இருக்கிறது. சுதந்திரம் பற்றிய பேச்சில் அது வருவதே இல்லை. பெல்ட் போடாமல் இருப்பவர் உண்மையிலேயே அதைத் தாமாகத் தேர்ந்தெடுத்தவரா?

2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் ஒரு மெர்சிடஸ் கார் தடுப்புச் சுவரில் மோதியது. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் இன்னொருவரும் பின் இருக்கையில் இருந்தார்கள். பெல்ட் போடவில்லை என்றது காவல்துறை. இருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். மிஸ்திரிக்குப் பணமோ படிப்போ குறைவில்லை. பின் இருக்கை என்றால் பெல்ட் கிடையாது என்பது இந்த நாட்டின் பழக்கம், அந்தப் பழக்கத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார் என்றே நினைக்கத் தோன்றுகிறது. 2014 ஜூனில் மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே, பதவியேற்ற எட்டாம் நாள் டெல்லியில் இறந்ததும் பின் இருக்கையில்தான். பெல்ட் போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் வருந்தினார்.

பின் சீட் என்பது நம் ஊரில் மரியாதைக்குரிய இடம். அங்கே இருப்பவரிடம் ‘ஐயா, பெல்ட் போடுங்க’ என்று சொல்லும் நிலையில் டிரைவர் இருப்பதில்லை. இது இந்திய நோய் மட்டும் இல்லை. 2007 ஏப்ரலில் நியூ ஜெர்சி ஆளுநர் ஜான் கோர்சைன் பெல்ட் இல்லாமல் முன் சீட்டில் போனார். ஓட்டியவர் மாநிலப் போலீஸ்காரர், வேகம் மணிக்குச் சுமார் 146 கிலோமீட்டர். கார் விபத்தில் சிக்கி ஆளுநரின் தொடை எலும்பு முறிந்தது. சட்டத்தைக் காக்க வேண்டிய போலீஸ்காரரே பக்கத்தில் இருந்தும், முதலாளி பெல்ட் போடாமல்தான் போனார். குணமான பிறகு கோர்சைன் 46 டாலர் அபராதம் கட்டினார், பெல்ட் போடச் சொல்லி அரசு விளம்பரத்திலும் வந்து பேசினார்.

நம் வாடகைக் கார்களில் நிலைமை இன்னும் நேரடியானது. பின் இருக்கையில் பெல்ட் தொங்கும், மாட்ட வேண்டிய பக்கிளைக் காணோம். ரெக்சின் கவர் போட்டு இறுக்கித் தைத்தபோது அது அடியில் போய்விட்டது. பிளவுக்குள் கைவிட்டுத் துழாவினால் பழைய பிஸ்கட் கவரும் சில்லறைக் காசும் கிடைக்கும். ‘பின்னாடி உக்கார்றவங்களை எல்லாம் கேக்க மாட்டாங்க சார்’ என்பார் டிரைவர். முன்னால் இருப்பவருக்கு வேறு உபதேசம். ‘போலீஸ் நிக்கிறாங்க, சும்மா எடுத்து மேல போட்டுக்குங்க.’ சிக்னல் தாண்டியதும் கை விட்டுவிடும், பெல்ட் ஓடிப்போய்ச் சுருண்டுகொள்ளும். இந்தக் காட்சியில் எங்கே இருக்கிறது தனிமனிதத் தேர்வு? சீட் கவர் தைத்தவர் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்.

2022-இல் இந்தியச் சாலைகளில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. கிட்டத்தட்டச் சரிபாதி. ஸ்டீயரிங் தங்கள் கையில் இல்லாத இந்த எட்டாயிரம் பேரில் எத்தனை பேர் யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்திருப்பார்கள்?

ஹெல்மெட் விதி நடமாடும் உரிமையைப் பறிக்கிறது என்று ஒருவர் ஆந்திர விதியை எதிர்த்துப் போட்ட வழக்கை 1988-இலேயே உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. சீட் பெல்ட்டுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 138 இருக்கிறது. ஓட்டுநர், முன் இருக்கைப் பயணி, முன்னோக்கிய பின் இருக்கைப் பயணிகள் எல்லாரையும் அது கட்டுப்படுத்தும். 2019 திருத்தத்தில் அபராதம் 1,000 ரூபாய் ஆனது. சட்டத்தில் குறையில்லை. பயப்பட வேண்டியது சட்டத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான்.

1997-இல் டெக்சாஸ் மாநிலம் லாகோ விஸ்டாவில் ஒரு தாய் இரண்டு சிறு பிள்ளைகளோடு வண்டியில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். யாருக்கும் பெல்ட் இல்லை. அதற்கு அதிகபட்சத் தண்டனை 50 டாலர் அபராதம், சிறை கிடையாது. ஆனால் நிறுத்திய காவலர் அவருக்கு விலங்கு மாட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் லாக்கப்பில் வைத்தார். அது அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்று 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னது. சுதந்திரவாதிகள் சொல்ல வேண்டிய கதை இதுதான். பெல்ட் நாடா யாரையும் அடிமைப்படுத்தவில்லை, அதைச் சாக்காக வைத்து யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற அதிகாரம் அடிமைப்படுத்தலாம். அங்கே கறுப்பினத்தவர்கள் இந்தச் சட்டத்தைச் சந்தேகத்தோடு பார்த்ததற்குக் காரணமும் அதுவே. இங்கே சோதனைக்கு நிறுத்தப்படுகிறவர் சொகுசுக் காரில் இருக்கிறாரா, மஞ்சள் போர்டு வண்டியில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து உரையாடலின் தொனி மாறுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ‘ரசீது வேணுமா, வேணாமா?’ என்ற கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. கேரளம் 2023 ஜூனில் 726 கேமராக்களைச் சாலையில் வைத்தது. ஒப்பந்தம் பற்றிப் பெரிய அரசியல் சண்டை நடந்தது, அது நடக்க வேண்டியதுதான். ஆனால் கேமரா யார் வீட்டுக் கார் என்று விசாரிப்பதில்லை, பேரமும் பேசுவதில்லை.

விதி 138-இல் ஒரு சொற்றொடர் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். பெல்ட் ‘பொருத்தப்பட்டிருக்கும்’ வாகனங்களில் அணிய வேண்டும் என்கிறது அது. ‘குட்டி யானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டியின் பின்னால் நின்றுகொண்டு கோயில் திருவிழாவுக்கோ, சாவு வீட்டுக்கோ, களையெடுக்கவோ போகும் பெண்களுக்குப் போட மறுக்கும் சுதந்திரம்கூட இல்லை, ஏனென்றால் பெல்ட்டே இல்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம், ஆனால் அந்த ஊருக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. பெல்ட்டும் சுதந்திரமும் பற்றிய விவாதம் கார் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் விவாதமாகவே இருப்பது இதனால்தான்.

பஸ் விடுவது பெரிய வேலை, காலம் ஆகும். சின்ன வேலை ஒன்று உடனே முடியும். வாடகைக் கார்கள் தகுதிச் சான்றுக்காக, அதாவது எஃப்.சி.க்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். பிரேக், லைட், புகை என்று பார்க்கும் ஆய்வாளர் பின் கதவையும் திறந்து, மூன்று பக்கிள்களும் சீட் கவருக்கு மேலே இருக்கின்றனவா, மாட்டினால் மாட்டுகின்றனவா என்று கைவிட்டுப் பார்க்கட்டும். அடியில் புதைந்திருந்தால் கவரைக் கிழித்து எடுத்துக்கொண்டு மறுநாள் வரச் சொல்லட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். அதன் பிறகு பின் சீட்டில் ஏறுகிறவர் போடுவதா வேண்டாமா என்று யோசிக்க முடியும், போடவில்லை என்றால் அவரிடம் 1,000 ரூபாய் கேட்பதிலும் நியாயம் இருக்கும்.